100 மைக்ரோமோலார் குளூட்டமேட்டில் ஏறிய கால்சியம் இறங்கவில்லை: எந்த ஏற்பி எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

ஹிப்போ12 கேட்டது:

எலிக்கருவின் ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) நியூரான்கள், வளர்ப்பில் 12 முதல் 14 நாள் ஆனவை. கால்சியத்தைக் காட்டும் ஒளிர்சாயமான ஃப்யூரா-2 ஏஎம் (செல்லுக்குள் நுழையும் எஸ்டர் வடிவம்) 5 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 45 நிமிடம் ஏற்றி, இரண்டு முறை கழுவி உடனே பதிவு தொடங்குகிறேன். பஃபர், மில்லிமோலார் கணக்கில்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 2, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, ஹெப்பஸ் 10, பிஹெச் 7.4. பதிவு அறையின் கொள்ளளவு 400 மைக்ரோலிட்டர், பெர்ஃபியூஷன் (கரைசல் ஓட்டம்) நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர். 340, 380 நானோமீட்டர் ஒளியில் எடுக்கும் ஜோடிப் படம் 2 நொடிக்கு ஒன்று; இரண்டின் விகிதம் ஏறினால் கால்சியம் ஏறியது என்று பொருள்.

நரம்புச் சைகை வேதிப்பொருளான குளூட்டமேட்டை (ஏற்பிகள்: துளையுள்ள என்எம்டிஏ, ஆம்பா; துளையில்லாத எம்குளூஆர்) 100 மைக்ரோமோலாரில் 5 நிமிடம் ஓட்டுகிறேன். ஒரு நிமிடத்துக்குள் விகிதம் ஏறி மேடு கட்டி நிற்கிறது. கழுவினால் பாதிச் செல்களில் 15 நிமிடம் ஆகியும் பழைய நிலைக்கு வருவதில்லை. சிலவற்றில் கழுவும்போதே இரண்டாவது ஏற்றம் வருகிறது. இரண்டாம் முறை குளூட்டமேட் கொடுத்தால் எதுவும் நடப்பதில்லை.

தடுப்பான்களோடு பார்த்தவை: என்எம்டிஏவைத் தடுக்கும் டிஎல்-ஏபி5 50 மைக்ரோமோலாரில் சுமார் பாதி மிச்சம். ஆம்பாவைத் தடுக்கும் சிஎன்க்யூஎக்ஸ் 20 மைக்ரோமோலாரில் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடுகிறது. எம்குளூஆர்5 வகையைத் தடுக்கும் எம்பெப் 10 மைக்ரோமோலாரில் மாற்றம் இல்லை. கால்சியம் இல்லாத பஃபரில் (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இஜிடிஏ 1 மில்லிமோலார்) நியூரான்கள் அசையவில்லை, ஆனால் தட்டையாகப் பரந்து கிடக்கும் சில செல்களில் கூரான ஓர் ஏற்றம் வருகிறது.

இதை வைத்து "என்எம்டிஏ வழி பாதி, மீதி ஆம்பா வழி, எம்குளூஆர் பங்கு இல்லை" என்று எழுதலாமா? இரண்டு தடுப்பான்களின் எண்களையும் கூட்டினால் 100ஐத் தாண்டுகிறது, அது வேறு உறுத்துகிறது.

மக்னீசியம் எழுதியது:

எழுத முடியாது. கூட்டுத்தொகை 100ஐத் தாண்டியதே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். நிகழ்வைத் தொடங்கியது எந்த ஏற்பி என்பது ஒன்று; கால்சியம் அயனி எந்தத் துளை வழியாக உள்ளே வந்தது என்பது வேறு.

சிஎன்க்யூஎக்ஸ் முடிவிலிருந்து பார்ப்போம். ஹிப்போகாம்பஸ் முதன்மை நியூரான்களின் ஆம்பா ஏற்பிகளில் பெரும்பாலானவற்றில் குளூஏ2 துணையலகு உண்டு. அதன் ஆர்என்ஏ திருத்தப்பட்டு, துளையில் குளூட்டமின் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வந்து உட்கார்ந்துகொள்வதால் கால்சியம் ஏறக்குறைய நுழைவதே இல்லை. என்எம்டிஏ ஏற்பியிலோ மொத்த மின்னோட்டத்தில் பத்து சதவீதத்தை ஒட்டிய பங்கைக் கால்சியமே சுமக்கிறது. அப்படியிருக்க ஆம்பாவைத் தடுத்ததும் ஏன் எல்லாம் போகிறது? ஆம்பா வழியாக சோடியம் நுழைந்துதான் சவ்வு மின்னழுத்தம் மேலேறுகிறது. அது ஏறாவிட்டால் 1 மில்லிமோலார் மக்னீசியம் என்எம்டிஏ துளையை அடைத்தபடியே இருக்கும், மின்னழுத்தக் கால்சியம் கால்வாய்களும் மூடியே கிடக்கும். ஆக உங்கள் சோதனையில் ஆம்பாவின் வேலை கதவைத் திறந்துவிடுவது. உள்ளே வந்த கால்சியத்தில் அதன் நேரடிப் பங்கு மிகச் சிறியதாகவே இருக்கக்கூடும்.

சிஎன்க்யூஎக்ஸில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 10 மைக்ரோமோலாருக்கு மேலே போனால் அது என்எம்டிஏ ஏற்பி திறக்கக் குளூட்டமேட்டோடு கூடவே தேவைப்படும் கிளைசினின் இடத்திலும் போய் உட்காரும். உங்கள் பஃபரில் கிளைசினே இல்லை. பெர்ஃபியூஷன் வேறு செல்கள் கசியவிடும் கொஞ்சத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் 20 மைக்ரோமோலார் சிஎன்க்யூஎக்ஸ் என்பது அரைகுறை என்எம்டிஏ தடுப்பானும்தான். வேறொரு ஆம்பா தடுப்பானான என்பிக்யூஎக்ஸ் 10 மைக்ரோமோலாருக்கு மாறுங்கள். எல்லாப் பஃபர்களிலும் கிளைசின் 10 மைக்ரோமோலார் சேருங்கள்.

அடுத்தது ஏபி5. இங்கேதான் பெரிய ஓட்டை. ஏபி5 குளூட்டமேட்டோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடும் தடுப்பான். டிஎல் கலவையில் (இரண்டு கண்ணாடி வடிவங்கள் சமமாகக் கலந்தது) வேலை செய்வது டி வடிவம் மட்டும். ஆகவே உங்களிடம் உண்மையில் இருப்பது 25 மைக்ரோமோலார். டி-ஏபி5இன் பிணைப்பு மாறிலியை 1 மைக்ரோமோலார் என்றும், என்எம்டிஏ ஏற்பியைப் பாதி திறக்கும் குளூட்டமேட் செறிவை 2.5 மைக்ரோமோலார் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். துணையலகைப் பொறுத்து இவை மாறும், அளவு புரிய இது போதும். 25 மைக்ரோமோலார் தடுப்பான் இருக்கும்போது பாதிச் செறிவு 26 மடங்கு நகர்ந்து 65 மைக்ரோமோலார் ஆகிறது. நீங்கள் கொடுப்பது 100. எளிய கணக்கில் 100 ÷ 165, அதாவது ஏற்பிகளில் 60 சதவீதம் இன்னும் திறக்கிறது! மிச்சமிருந்த பாதியில் பெரும்பகுதி என்எம்டிஏவேதான் என்று சந்தேகிக்க இது போதும்.

குளூட்டமேட்டை 5 மைக்ரோமோலாருக்கு இறக்கிப் பாருங்கள். தடுப்பான் இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கு ஏற்பி திறக்கும். தூய டி-ஏபி5 50 மைக்ரோமோலார் இருந்தால் 4 சதவீதம்தான். அதிகச் செறிவு குளூட்டமேட்தான் வேண்டும் என்றால் போட்டியிடாத தடுப்பானுக்குப் போகவேண்டும்: எம்கே-801, 10 மைக்ரோமோலார். அது திறந்த துளைக்குள் மட்டுமே நுழையும், நுழைந்தால் எளிதில் வெளியேறாது. அதனால் அந்தக் கவர்ஸ்லிப்பில் (செல்கள் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தகடு) அதுவே கடைசிச் சோதனையாக இருக்கட்டும். அது ஓடிய குழாயைத் தனியாக வைத்துவிடுங்கள். அடுத்த நாள் "எந்தச் செல்லும் என்எம்டிஏவுக்கு அசையவில்லை" என்ற புதிருக்குப் பல நேரம் விடை அந்தக் குழாய்தான்.

ஒரு சின்ன விஷயம். குளூட்டமேட் இருப்புக் கரைசல் குளூட்டமிக் அமிலத்தில் செய்ததா, சோடியம் உப்பில் செய்ததா? அமிலம் என்றால் அதே மோல் அளவு சோடியம் ஹைட்ராக்சைடால் சரிக்கட்டியிருக்க வேண்டும். என்எம்டிஏ ஏற்பியை ஹைட்ரஜன் அயனி தடுக்கும், பிஹெச் 7.4 என்பதே பகுதித் தடுப்பு இருக்கும் இடம். கொஞ்சம் இறங்கினாலும் எண்கள் மாறும்.

சாயக்காரர் எழுதியது:

மருந்தியல் மேலே வந்துவிட்டது. சாயம் ஏற்றும் முறையைச் சரிசெய்யாமல் அதையெல்லாம் செய்தும் பயனில்லை.

37 டிகிரி, 45 நிமிடம், 5 மைக்ரோமோலார்: மூன்றுமே அதிகம். அந்த வெப்பத்தில் ஏஎம் எஸ்டர் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், மைட்டோகாண்ட்ரியா என்று எல்லா அறைக்குள்ளும் புகுந்து அங்கேயே வெட்டுப்படும். பிறகு நீங்கள் அளப்பது சைட்டோசாலும் (செல்லின் உள்திரவம்) உறுப்பறைகளும் கலந்த ஒரு சராசரி. 50 மைக்ரோகிராம் குப்பியை 50 மைக்ரோலிட்டர் உலர் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் ஏறத்தாழ 1 மில்லிமோலார் வரும். அதில் தேவையானதை எடுத்து, சம அளவு 20 சதவீத ப்ளூரானிக் எஃப்-127 (சாயம் நீரில் பரவ உதவும் பொருள்) கரைசலோடு முதலில் கலந்து, பிறகுதான் பஃபரில் விட வேண்டும். இறுதிச் செறிவு 2 மைக்ரோமோலார், அறை வெப்பம், இருட்டில் 30 நிமிடம். கழுவிய பின் இன்னும் 20 முதல் 30 நிமிடம் சும்மா விடுங்கள். இந்தக் கடைசிக் காத்திருப்பைத்தான் நீங்கள் விட்டிருக்கிறீர்கள். எஸ்டர் முழுதும் வெட்டுப்படாத சாயம் ஒளிரும், ஆனால் கால்சியத்தைப் பிடிக்காது. அடிப்படைக் கோடு பதிவின்போதே மெல்ல நகர்ந்தால் காரணம் பெரும்பாலும் அது.

உறுப்பறைகளில் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று பார்க்க, ஒரு கவர்ஸ்லிப்பைப் பலி கொடுத்து, செல் சவ்வை ஓட்டையாக்கும் டிஜிடோனின் 10 முதல் 20 மைக்ரோமோலார் விடுங்கள். சைட்டோசால் சாயம் வெளியேறிவிடும், மிச்சமிருப்பது சிக்கியது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நின்றால் அந்த ஏற்றும் முறையை நான் நம்பமாட்டேன்.

சாயம் வெளியே கசிந்தால் ப்ரோபெனெசிட் போடச் சொல்வார்கள். நியூரான் சோதனையில் முடிந்தவரை தவிருங்கள். பேனெக்சின்-1 கால்வாயையும் அது தடுக்கும், உங்கள் கேள்விக்குள் இன்னொரு மாறியைக் கொண்டுவரும். வெப்பத்தைக் குறைத்தாலே கசிவு பெரும்பாலும் அடங்கும்.

இப்போது அந்த மேடு. ஃப்யூரா-2இன் கேடி (பாதிச் சாயம் கால்சியத்தைப் பிடித்திருக்கும் செறிவு) அறை வெப்பத்தில் சுமார் 0.14 மைக்ரோமோலார், 37 டிகிரியில் சுமார் 0.22. விகிதம் பாதி உயரும் இடம் கேடியை பீட்டாவால் பெருக்கினால் வருவது. பீட்டா என்பது 380இல் கால்சியமற்ற நிலையின் ஒளியை, கால்சியம் நிறைந்த நிலையின் ஒளியால் வகுத்த எண். அதனால் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனாலும் ஓரிரு மைக்ரோமோலாரைத் தாண்டினால் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 100 மைக்ரோமோலார் குளூட்டமேட் நியூரானில் அதற்கு மேலே தாராளமாகக் கொண்டுபோகும். ஆகவே "மேடு" என்பது செல்லின் குணமா, சாயம் நிறைந்துபோனதா என்று இந்தப் பதிவிலிருந்து சொல்ல முடியாது. தடுப்பான் உண்மையில் கால்சியத்தைப் பாதியாகக் குறைத்தும் உங்கள் விகிதம் பத்து சதவீதம் மட்டும் இறங்கலாம்.

ஒவ்வொரு நாளும் ஒரு கவர்ஸ்லிப்பிலாவது முடிவில் எல்லை பாருங்கள். கால்சியமற்ற பஃபரில் இஜிடிஏ 10 மில்லிமோலாரும், சவ்வு வழியே கால்சியத்தைக் கடத்தும் அயனோமைசின் 5 மைக்ரோமோலாரும் சேர்த்தால் கீழ் எல்லை. கழுவிவிட்டு கால்சியம் 10 மில்லிமோலாரும் அயனோமைசினும் சேர்த்தால் மேல் எல்லை. குளூட்டமேட் மேடு மேல் எல்லையில் 80 சதவீதத்தைத் தொட்டால் குறைந்த பிடிப்புள்ள சாயத்துக்கு மாறவேண்டும். ஃப்யூரா-எஃப்எஃப் கேடி 5 மைக்ரோமோலாரை ஒட்டியது. அடிநிலை 50 முதல் 100 நானோமோலார் என்பதால் அதில் சின்னச் சைகைகள் தெரியாது. ஒரே சாயத்தில் எல்லாம் பார்க்க ஆசைப்படாதீர்கள். அயனோமைசினைப் பெர்ஃபியூஷன் குழாயில் விடவேண்டாம், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிப்பெட்டால் நேரே விட்டு, பின் அறையை எத்தனாலில் கழுவுங்கள்.

விகிதத்தை மட்டும் பார்க்காமல் 340ஐயும் 380ஐயும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். உண்மையான கால்சியம் ஏற்றத்தில் 340 ஏறும், 380 இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சாயம் கசிகிறது அல்லது குவியம் நகர்ந்துவிட்டது. குளூட்டமேட்டில் செல் வீங்கும், சவ்வும் ஓட்டையாகும். கழுவும்போது வருகிற உங்கள் இரண்டாவது ஏற்றம் எந்த வகை என்பது இதில் தெரிந்துவிடும். பின்னணியை ஒவ்வொரு அலைநீளத்திலும் தனியாகக் கழித்த பிறகுதான் வகுக்க வேண்டும் என்பதை நினைவூட்டத் தேவையிருக்காது.

எல் வகை மின்னழுத்தக் கால்சியக் கால்வாயைத் தடுக்க நிஃபெடிபின் எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். புற ஊதாவில் அது சிதையும். நீங்கள் 340இல் அடிக்கிற ஒளியே தடுப்பானை அழித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் நிமோடிபின் 5 மைக்ரோமோலார், இருட்டுக் குப்பியில், அன்றன்று கரைத்தது.

ஹிப்போ12 எழுதியது:

ஏற்றும் முறையை மாற்றினேன், அடிப்படைக் கோடு நேராக வருகிறது. அயனோமைசினில் பார்த்ததில் குளூட்டமேட் மேடு மேல் எல்லையில் 90 சதவீதம், சாயம் நிறைந்ததுதான். இருப்புக் கரைசல் சோடியம் உப்பு, அதில் பிழை இல்லை.

என்எம்டிஏவை மட்டும் தனியாகப் பார்க்கலாம் என்று மக்னீசியம் இல்லாத பஃபர், கிளைசின் 10 மைக்ரோமோலார் என்று போனேன். என்எம்டிஏ (அந்த ஏற்பியை மட்டும் திறக்கும் வேதிப்பொருள்) கொடுப்பதற்கு முன்பே எல்லா நியூரானும் ஒரே தாளத்தில் 10, 15 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. இதை எப்படி நிறுத்துவது? கழுவிய பிறகும் கால்சியம் இறங்காத சிக்கலுக்கு என்ன செய்வது?

மக்னீசியம் எழுதியது:

அந்தத் தாளம் வலைப்பின்னலின் வேலை. அடைப்பு நீங்கியதும் தானாகக் கசியும் குளூட்டமேட்டே என்எம்டிஏவைத் திறக்கிறது, ஒன்று சுட்டால் எல்லாம் சுடுகின்றன. சோடியம் கால்வாயை அடைத்து நியூரான் சுடுவதை நிறுத்தும் டிடிஎக்ஸ் 0.5 மைக்ரோமோலாரும் என்பிக்யூஎக்ஸ் 10 மைக்ரோமோலாரும் சேர்த்தால் நிற்கும். மக்னீசியம் உள்ள பஃபரிலேயே இவற்றை 3 நிமிடம் ஓட்டிவிட்டு, அப்புறம் மக்னீசியத்தை எடுங்கள். வரிசை மாறினால் முதல் சில நிமிடங்களில் செல்கள் வீணாகக் கால்சியம் குடித்துவிடும்.

இறங்காத சிக்கலுக்குத் தீர்வு எளிது: 5 நிமிடம் கொடுக்காதீர்கள். 1987இல் டெனிஸ் சோய் குழுவினர் கார்டெக்ஸ் வளர்ப்புகளில் காட்டியதே, 5 நிமிடக் குளூட்டமேட்டில் பாதிச் சேதம் உண்டாக்கும் செறிவு 50 முதல் 100 மைக்ரோமோலார் என்று. நீங்கள் கொடுத்தது கொல்லும் அளவு. முதல் ஏற்றத்தில் மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை வாங்கி வாங்கித் தன் மின்னழுத்தத்தை இழக்கிறது, ஏடிபி குறைகிறது, பம்புகள் திணறுகின்றன. கூடவே புரதம் வெட்டும் நொதியான கால்பெயின் விழித்துக்கொண்டு சோடியம்–கால்சியம் மாற்றியை, முக்கியமாக என்சிஎக்ஸ்3 வகையை, வெட்டிப்போடுகிறது. வெளியேற்றும் வழியே போனபின் குளூட்டமேட்டைக் கழுவி என்ன பயன்? இதைத் தாமதக் கால்சியக் குலைவு என்பார்கள். கழுவும்போது வரும் உங்கள் இரண்டாவது ஏற்றம் அச்சு அசல் அதுதான். மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் காட்டும் சாயமான டிஎம்ஆர்எம் 20 நானோமோலாரைச் சேர்த்துப் பார்த்தால், ஏற்றம் வரும் நேரத்திலேயே மைட்டோகாண்ட்ரியாவின் ஒளி குறைவது தெரியும். நச்சுத்தன்மைதான் உங்கள் தலைப்பு என்றால் அது நல்ல தரவு. ஏற்பிகளைப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால் அந்தச் செல்கள் குப்பை.

நான் வைக்கும் வரிசை: என்எம்டிஏ 30 மைக்ரோமோலார், கிளைசின் 10 மைக்ரோமோலார், 20 நொடி, 5 நிமிடம் கழுவல், மறுபடி அதே துடிப்பு, தடுப்பானை 5 நிமிடம் ஓட்டி, தடுப்பானோடு மூன்றாம் துடிப்பு, கழுவி நான்காவது. முதல் இரண்டும் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போகாத செல்லைக் கணக்கில் எடுக்காதீர்கள். தடுப்பான் இல்லாமல் நான்கு துடிப்பும் கொடுத்த கவர்ஸ்லிப் தனியே வேண்டும். தானாகத் தேயும் அளவு தெரியாமல் தடுப்பு சதவீதம் சொல்வதில் அர்த்தம் இல்லை.

கிளாம்ப் எழுதியது:

மேலே சொன்ன முறை சுத்தமானது, ஆனால் ஹிப்போ12 கேட்ட கேள்விக்கு அது விடை தராது. மக்னீசியத்தை எடுத்துவிட்டு என்எம்டிஏ கொடுத்தால் "இந்தச் செல்லில் என்எம்டிஏ வழியாக அதிகபட்சம் எவ்வளவு வர முடியும்" என்பது தெரியும். மக்னீசியம் இருக்கும்போது குளூட்டமேட்டில் எவ்வளவு வந்தது என்பது தெரியாது. இரண்டும் வேண்டும், இரண்டையும் ஒரே படத்தில் கலக்கக் கூடாது.

1 மில்லிமோலார் மக்னீசியத்தை வைத்துக்கொண்டே, குளூட்டமேட் 5 மைக்ரோமோலார், டிடிஎக்ஸ் எப்போதும். தடுப்பான்களை இரண்டு எதிர் வரிசைகளில் சேருங்கள்: சில கவர்ஸ்லிப்பில் என்பிக்யூஎக்ஸ், பிறகு டி-ஏபி5, பிறகு நிமோடிபின், சிலவற்றில் நிமோடிபின் முதலில், என்பிக்யூஎக்ஸ் கடைசியில். ஒரே தடுப்பான் முதலில் வரும்போதும் கடைசியில் வரும்போதும் காட்டும் குறைவு வேறாக இருக்கும். அந்த வேறுபாடுதான் ஏற்பிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் அளவு. வட்டப்படம் போட்டு "இவ்வளவு சதவீதம் ஆம்பா" என்று வெட்டவே முடியாது. 100ஐத் தாண்டியது பிழையில்லை, தொடர்ச்சங்கிலி அப்படித்தான் இருக்கும்.

நிமோடிபின் எல் வகையை மட்டும் தடுக்கும். என், பி/க்யூ வகைகளுக்கு ஒமேகா-கோனோடாக்சின், ஒமேகா-அகடாக்சின் வேண்டும். மலிவு என்று காட்மியம் போட்டுவிடாதீர்கள்: காட்மியம் செல்லுக்குள் கொஞ்சம் நுழைந்தாலும் ஃப்யூரா-2 அதை இறுகப் பிடித்து கால்சியம் போலவே ஒளிரும். தடுப்பான் போட்டதும் விகிதம் ஏறும், குழப்பம்தான் மிஞ்சும்.

கால்சியம் விடும் ஆம்பா ஏற்பி, அதாவது குளூஏ2 இல்லாதது, சில இடைநியூரான்களில் உண்டு. கரைசலை மெதுவாக ஓட்டும்போது ஆம்பா சில மில்லிநொடியிலேயே உணர்விழந்துவிடும் என்பதால் குளூட்டமேட்டில் அதைத் தேடவேண்டாம். ஆம்பாவை உணர்விழக்கவிடாமல் திறந்துவைக்கும் கைனேட் 100 மைக்ரோமோலார் கொடுங்கள், டி-ஏபி5, டிடிஎக்ஸ், கால்வாய்த் தடுப்பான்கள் எல்லாம் இருக்கட்டும்; மிஞ்சுவதை, குளூஏ2 இல்லாத ஆம்பாவைத் தடுக்கும் நாஸ்பம் 50 மைக்ரோமோலார் குறைக்கிறதா என்று பாருங்கள். திருத்தமான விடை வேண்டுமென்றால் சவ்வு மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்து, அதாவது பேட்ச் கிளாம்போடு சேர்த்துத்தான் படம் எடுக்கவேண்டும். மின்னழுத்தத்தைத் தன்போக்கில் விட்டுவிட்டு மருந்துகளால் மட்டும் பிரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

விண்மீன்செல் எழுதியது:

எல்லோரும் நியூரானையே பிடித்துத் தொங்குகிறார்கள். கேள்வியில் எனக்குச் சுவையாகப் பட்டது, கால்சியமற்ற பஃபரில் எழுந்த அந்தத் தட்டைச் செல்கள். அவை ஆஸ்ட்ரோசைட்டுகள், அதாவது நியூரான்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் வடிவச் செல்கள். குளூட்டமேட்டுக்கு அவை கால்சிய அலையோடு பதில் சொல்லும் என்பது 1990இலேயே வளர்ப்பில் காட்டப்பட்டது. எம்குளூஆர்5 ஜிக்யூ புரதத்தைத் தூண்ட, பாஸ்போலிபேஸ் சி நொதி ஐபி3 என்ற சைகை மூலக்கூறை வெட்டியெடுக்க, ரெட்டிகுலத்தின் கால்சியக் கிடங்கு திறக்கிறது. வெளியே கால்சியம் இல்லாவிட்டாலும் முதல் ஏற்றம் வரும். கிடங்கு நிரம்ப வழியில்லாததால் இரண்டாவது வராது.

உறுதிசெய்வது சுலபம். பதிவின் கடைசியில் பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார் (அதே அளவு சோடியம் குளோரைடைக் குறைத்து) 10 நொடி கொடுங்கள், நியூரான்கள் எழும். கழுவி ஏடிபி 10 மைக்ரோமோலார் கொடுங்கள், ஆஸ்ட்ரோசைட்டுகள் எழும். எந்தச் செல் எது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிவிட்டுப் பிறகு சராசரி எடுங்கள். வடிவத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் தவறும், ஏனெனில் நியூரான் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. கீழுள்ளதன் ஒளி மேலுள்ளதன் வட்டத்துக்குள் விழும். கால்சியத்தைக் காட்டும் பச்சைப் புரதமான ஜிகாம்பை மரபணு வழியாக ஏற்ற வசதி இருந்தால் சினாப்சின் முன்னியக்கியோடு நியூரானுக்கு மட்டும் கொடுக்கலாம், இந்தத் தலைவலி இல்லை. ஆனால் வாரக்கணக்கில் விட்டு உட்கருவுக்குள்ளும் பச்சை நிறைந்த செல்லை ஒதுக்கிவிடுங்கள், அது நோய்ப்பட்டது.

இனி நியூரானின் எம்குளூஆர். எம்பெப்பில் மாற்றம் இல்லாததால் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாயம் ஏற்கனவே நிறைந்திருக்கும்போது, என்எம்டிஏ ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கிடங்கிலிருந்து வரும் சிறு துளி எப்படித் தெரியும்? டிடிஎக்ஸ் 0.5, டி-ஏபி5 50, என்பிக்யூஎக்ஸ் 10, நிமோடிபின் 5, எல்லாம் மைக்ரோமோலார், எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, எம்குளூஆர்1, 5 வகைகளைத் தூண்டும் எஸ்-டிஹெச்பிஜி 50 மைக்ரோமோலார் 30 நொடி. இங்கே குளூட்டமேட்டைப் பயன்படுத்தாதீர்கள்; போட்டித் தடுப்பான்களின் கணக்கு மறுபடி கழுத்தைப் பிடிக்கும்.

முதல் முயற்சியில் ஒன்றும் வராமல் போக வாய்ப்பு அதிகம். ஓய்வில் இருக்கும் நியூரானின் கிடங்கு பல நேரம் முழுதாக நிரம்பியிருக்காது. நிமோடிபினைச் சேர்ப்பதற்கு முன்பு பொட்டாசியம் குளோரைடு 30 மில்லிமோலார் 10 நொடி கொடுத்து, 2 நிமிடம் விட்டு, அடிநிலைக்கு வந்ததும் டிஹெச்பிஜி கொடுங்கள். இரண்டு டிஹெச்பிஜிக்கு நடுவே 10 நிமிடமாவது வேண்டும், ஏற்பி உணர்விழக்கும். வந்த ஏற்றம் கிடங்கிலிருந்துதானா என்று பார்க்க, கிடங்கை நிரப்பும் பம்பைத் தடுக்கும் சிபிஏ 30 மைக்ரோமோலார், 10 நிமிடம். தாப்சிகார்ஜின் 1 மைக்ரோமோலாரும் அதைச் செய்யும், ஆனால் அது திரும்பாது. 2-ஏபிபியை ஐபி3 தடுப்பான் என்று நம்பி எழுதவேண்டாம். அது கிடங்குசார் கால்வாய்கள், டிஆர்பி கால்வாய்கள் என்று கண்டதையும் தொடும்.

எம்குளூஆர்5ஆ 1ஆ என்று பிரிக்க 5ஐத் தடுக்கும் எம்டெப் 1 மைக்ரோமோலார், 1ஐத் தடுக்கும் எல்ஒய்367385 100 மைக்ரோமோலார். எம்பெப்பைவிட எம்டெப் மேல், அதிகச் செறிவில் எம்பெப் என்எம்டிஏவையும் தொடும். பதிலின் வடிவமும் குறிப்புக் கொடுக்கும். எம்குளூஆர்5ஐ மட்டும் தனியாக வைத்த செல்களில் அலைவு வருகிறது, புரதக் கைனேஸ் சி ஏற்பியை மாறி மாறி அடக்கிவிடுவதால். எம்குளூஆர்1இல் ஒற்றை ஏற்றம். நியூரானில் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டேன்.

ஓர் எச்சரிக்கை: வளர்ப்பு ஆஸ்ட்ரோசைட்டில் பார்த்ததை வளர்ந்த விலங்கின் மூளைக்கு நீட்டாதீர்கள். எம்குளூஆர்5 இளம் ஆஸ்ட்ரோசைட்டில் நிறைய, வளர்ந்த எலியின் கார்டெக்ஸில் மிகக் குறைவு.

ஹிப்போ12 எழுதியது:

கால்சியமற்ற பஃபரில் நியூரான் அசையாததும் கிடங்கு காலியாகிவிட்டதால் இருக்குமோ? அதில் 10 நிமிடம் விட்டுத்தான் குளூட்டமேட் கொடுத்தேன். மற்றபடி, ஒரு கவர்ஸ்லிப்பில் 40 செல் வருகிறது. எத்தனை செல் போதும்?

சாயக்காரர் எழுதியது:

ஆம், 10 நிமிடம் நியூரானுக்கு நீளம். இஜிடிஏ 1 மில்லிமோலார் வெளியே இருந்தால் கிடங்கு சில நிமிடங்களில் வடியத் தொடங்கும். 1 நிமிடத்துக்குள் தூண்டுங்கள். இஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும்போது ஹைட்ரஜன் அயனியை விடும். சேர்த்த பிறகு பிஹெச்சை மறுபடி 7.4க்குக் கொண்டுவர வேண்டும். இருமின்னூட்ட அயனியே இல்லாமல் சவ்வு கசியும் என்பதால் இந்தப் பஃபரில் மக்னீசியத்தை 3 மில்லிமோலாராக உயர்த்துங்கள்.

1 நிமிடம் என்றதும் உங்கள் பெர்ஃபியூஷன் இடிக்கிறது. 400 மைக்ரோலிட்டர் அறை, நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர்: ஒருமுறை நிரம்ப 12 நொடி, 99 சதவீதம் மாற ஐந்து மடங்கு, அதாவது முழு ஒரு நிமிடம். முதல் பதிவில் "ஒரு நிமிடத்துக்குள் ஏறுகிறது" என்றீர்களே, அது செல்லின் வேகம் இல்லை, அறையின் வேகம். 20 நொடித் துடிப்பும் இதில் உருப்படியாக வராது, செறிவு உச்சம் தொடுமுன் கழுவல் தொடங்கிவிடும். அறையில் உள்சொருகு வைத்து 150 மைக்ரோலிட்டருக்குக் குறையுங்கள், அல்லது செல்லுக்கு 200 மைக்ரோமீட்டர் அருகே தனி முனை வைத்து ஓட்டுங்கள். ஃப்ளூரெசினைத் தூண்டும் கரைசலில் கலந்து செல் இல்லாத கவர்ஸ்லிப்பில் ஒருமுறை ஓட்டினால், உங்கள் துடிப்பின் உண்மையான வடிவம் கிடைக்கும். அதைச் செய்யாமல் நொடிக்கணக்கு எதையும் எழுதவேண்டாம்.

எண்ணிக்கை: 40 செல்லும் ஒரே திரவத்தை ஒரே நேரத்தில் குடித்தவை, 40 தனிச் சோதனைகள் ஆகா. கவர்ஸ்லிப் ஒன்றுக்கு ஒரு சராசரி; குறைந்தது மூன்று தனித்தனி வளர்ப்புகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கவர்ஸ்லிப். தடுப்பான் உள்ளதும் இல்லாததும் ஒரே வளர்ப்பில், ஒரே நாளில். 12 நாள் தட்டையும் 14 நாள் தட்டையும் கலக்காதீர்கள், அந்த வாரத்தில்தான் என்எம்டிஏ ஏற்பியில் குளூஎன்2பி துணையலகோடு குளூஎன்2ஏவும் சேர்ந்து ஏறிக்கொண்டிருக்கும்.